வெள்ளிப் புகை

போன மாதம் நம் பழைய பள்ளிக்கூடத் தோழிகள் எல்லோரும் கூடினோமே, அன்றைக்கு வடைத் தட்டு வருவதற்குள் ஒருத்தி, "நம்ம காலத்துக் காத்து மாதிரி வருமா?" என்று ஆரம்பித்தாள். எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் ஆட்டவில்லை. எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்து அவள் இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னாள். காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பிடுகிற இடத்தில் சண்டை வேண்டாமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

நம் காலத்துக் காற்று சுத்தமாக இல்லை. மற்ற ஊர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் இருந்த எங்கள் தெருவைப் பற்றித் தெரியும். அந்தத் தெருக் காற்றில் ஈயம் இருந்தது. இருந்தது மட்டுமில்லை, கைக்குழந்தைகளுக்கு நல்லது என்று சொல்லி வெள்ளிக்கிழமைதோறும் வரிசையில் நின்று அதைப் பிடித்துக் காட்டினோம். காட்டிய கைகளில் என் கையும் ஒன்று. அதனால் அந்தக் காலத்தை நினைத்து என் முன்னால் உருகாதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். தம்பிக்கு எட்டு மாதம். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு உலைக்காரர் வீடு. இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர், அதுவும் என் தோள் உயரம்தான்.

உலைக்காரர் செய்தது என்னவென்றால், கிழிந்துபோன பழைய பட்டுப் புடவைகளை வாங்கி, சரிகைக் கரையை மட்டும் கத்தரித்து, கொல்லையில் எரிப்பார். பட்டு எரியும்போது தலைமுடி கருகுகிற நாற்றம் வரும். பட்டு போனபிறகு வெள்ளியும் செம்பும் கலந்த கருப்புக் குப்பை மிஞ்சும். அதைக் காரீயத்தோடு சேர்த்து, சாம்பல் பரப்பிய மண்சட்டியில் போட்டு, துருத்தியை மிதித்து ஊதுவார். காரீயம் கொதித்து, செம்பையும் அழுக்கையும் வாரிக்கொண்டு, பாதி சாம்பலுக்குள் இறங்கிவிடும், பாதி புகையாகப் போய்விடும். கடைசியில் சட்டியின் நடுவில் வெள்ளி மட்டும் உருண்டையாக நிற்கும். அந்தக் கணத்தில் அது ஒரு தரம் பளிச்சென்று மின்னும். அதைப் பார்ப்பதற்காகவே நாங்கள் பிள்ளைகள் சுவரில் தொங்கிக்கொண்டிருப்போம். காரீயம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? பழைய லாரி பேட்டரிகளை உடைத்து எடுத்த தகடுகள். அதற்கும் முன்னால் எந்தச் சுரங்கத்தில் கிடந்ததோ, அது அவருக்கும் தெரியாது.

அவருக்குத் தன் தொழிலில் பெருமை உண்டு. அம்மாவிடம் சுவருக்கு மேலாகச் சொல்வார்: "வடக்க பூமியத் தோண்டி வெள்ளி எடுக்கறாங்கோ. நமக்கு அந்தக் கஷ்டமே இல்லமா. நம்மூரு புடவைப் பொட்டிதான் சுரங்கம்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். பல் ஈறோரமாக மை தீட்டியதுபோல ஒரு கருநீலக் கோடு தெரியும். வெற்றிலைக் கறை என்று நினைத்தோம். அவர் வெற்றிலை போடுவதில்லை என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அவருக்கு இரண்டு மணிக்கட்டும் தொங்கிவிட்டிருந்தன. துருத்தி காலால் மிதிப்பது என்பதால் பிழைப்பு நடந்தது. இடுக்கியை இரண்டு கையும் சேர்த்து அணைத்துப் பிடிப்பார். கையை நிமிர்த்திக் கும்பிட முடியாது. சாமி தெருவில் எழுந்தருளும்போது எல்லோரும் கை குவித்து நிற்க, அவர் மட்டும் கைகளைத் தொங்கவிட்டு நிற்பார். திமிர் பிடித்தவன் என்றார்கள். கை நடுங்குவதைப் பார்த்து, மறைவில் குடிக்கிறான் என்றும் சொன்னார்கள். அந்த மனிதர் மோரைத் தவிர எதையும் குடித்து நான் பார்த்ததில்லை. ஒரு தெருவே சேர்ந்து ஒரு நோயாளியைக் குடிகாரன் ஆக்கியது, அதில் என் அப்பாவும் உண்டு.

இனி அந்த வழக்கத்தைச் சொல்கிறேன். மற்ற தெருக்களில் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் சாம்பிராணிப் புகை காட்டுவார்கள். எங்கள் தெருவில் உலைக்காரர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் கட்டுகிறோம், வெள்ளிக் கொலுசு போடுகிறோம், வெள்ளி பஸ்பம் மருந்து என்கிறோம். அப்படியானால் வெள்ளியின் புகை எவ்வளவு நல்லதாக இருக்க வேண்டும்! அதுவும் எத்தனையோ கல்யாணங்களில் மஞ்சள் பட்ட கூறைப்புடவைகளின் வெள்ளி. இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். கெட்ட எண்ணம் ஒருவரிடமும் இல்லை. உலைக்காரர் இதற்கு ஒரு காசு வாங்கமாட்டார், புண்ணியம் என்று செய்தார். புகை வெள்ளை வெளேரென்று தடித்து எழும்பும் நேரம் பார்த்துக் குரல் கொடுப்பார். பெண்கள் வரிசையில் வந்து பிள்ளையின் மார்பையும் முதுகையும் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு நல்லது. ஈயம் நன்றாக ஆவியாகிறபோதுதான் புகை அப்படி வெளுக்கும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

அந்தப் புகைக்கு ஒரு ருசி இருந்தது. கொஞ்ச நேரம் நின்றால் நாக்கின் ஓரம் இனிக்கும். பித்தளைக் கரண்டியில் வெல்லம் தடவி நக்கினால் வருமே, அந்த மாதிரி. எனக்கு அது பிடித்திருந்தது. வயிற்றுவலியும் அடிக்கடி வந்தது. கணக்குப் பரீட்சையன்று வந்ததால் டீச்சர் அதைப் பொய் வலி என்று முடிவு செய்து முட்டிக்குக் கீழே இரண்டு வைத்தார். அந்த டீச்சரை உங்களில் பாதிப்பேர் இன்னும் தெய்வம் என்கிறீர்கள். இருக்கட்டும்.

தம்பி ஐந்து மாதம் வரை நன்றாக இருந்தான். பிறகு அழ ஆரம்பித்தான். வயிறு கல்போல இருக்கும், நான்கு நாளைக்கு ஒரு தரம்தான் வெளியே போவான், குடித்த பாலைக் கக்குவான். நிறம் சாயம் போன நூல்போல வெளுத்தது. எட்டு மாதம் ஆகியும் உட்காரவில்லை. அம்மாவும் அப்பாவும் என்ன செய்தார்கள் தெரியுமா? புகை போதவில்லை என்று நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் காட்டியதை, உலை எரிகிற எல்லா நாளும் காட்ட ஆரம்பித்தார்கள். அம்மா தறியில் இருக்கும் நாட்களில் நான் காட்டினேன். அவன் மூச்சுத் திணறித் தும்மும்போது, சளி வெளியே வருகிறது என்று உலைக்காரர் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன்.

அப்போதுதான் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, ஏனாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். தம்பியைத் தூக்கிப் பார்த்தாள், கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, உன் பால் கெட்டுப்போய் இருக்கிறது, அதுதான் பிள்ளையைக் கொல்கிறது என்று சொல்லிவிட்டாள்.

அவளைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அதைப் பட்டுத் தெரிந்தவளாகச் சொன்னாள். அவளுடைய முதல் இரண்டு பிரசவமும் பிறந்த வீட்டில், அதாவது எங்கள் வீட்டில்தான் நடந்தன, இரண்டு தரமும் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தாள். இரண்டு குழந்தைகளும் இதேபோல வெளுத்து, வயிறு கட்டி, வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. உன் பாலில் விஷம் என்று யாரோ ஒரு மருத்துவச்சி சொன்னாள், அத்தை நம்பினாள். மூன்றாவது பிள்ளையை ஏனாத்தூரிலேயே பெற்று, ஒரு சொட்டுத் தாய்ப்பால் கொடுக்காமல் எருமைப்பால் ஊற்றி வளர்த்தாள். அவன் பிழைத்துக்கொண்டான். இதைவிட ருசு என்ன வேண்டும்? அதனால் அவள் சொன்ன தீர்ப்பை அப்பாவால் மறுக்க முடியவில்லை.

தீர்ப்பு இதுதான். தம்பியை ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஏனாத்தூரில் வைத்துக்கொள்வாள். எருமைப்பாலும் கேழ்வரகுக் கஞ்சியும் கொடுப்பாள். அம்மாவின் பால் ஒரு சொட்டும் படக் கூடாது. பிள்ளை தேறிவிட்டால் குற்றம் பாலில்தான் என்று ஆகும், பிறகு அவன் அத்தை வீட்டிலேயே வளர்வான். தூக்கிவைத்துக்கொள்ள நான் கூடப் போக வேண்டும், பள்ளிக்கூடம் லீவுதானே. அப்பா சரி என்று தலையசைத்தார். அம்மாவை யாரும் கேட்கவில்லை.

புறப்படுவதற்கு முன் அத்தை ஒரு பந்து மல்லிகைப்பூவைக் கொண்டுவந்து, பால் வற்றுவதற்காக அம்மாவின் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். அம்மா அசையாமல் நின்றாள். அத்தை தம்பியோடு வாசலுக்குப் போனதும் அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கட்டை அவிழ்த்தாள். பூவை எடுத்து உதறித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு என் காதருகில் குனிந்தாள்.

"காலையில அத்தை டீக்கடைக்குப் பால் ஊத்தப் போவா. அப்போ அவன எடுத்துக்கினு ஏரிக்கரை மதகாண்ட வா. யாராண்டயும் சொல்லாத."

அப்பாவிடம் என்ன சொன்னாள் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். பிள்ளைக்காக ஒரு மண்டலம் தினமும் விடியலில் அம்மனைச் சுற்றி வருவதாக வேண்டுதல் என்றாள். வேண்டுதல் என்றால் யாரும் தடுக்க முடியாது. மண்டலம் என்ற கணக்கை அத்தை போட்டாள், அந்தக் கணக்கைக்கொண்டே அம்மா வழி செய்துகொண்டாள். கோயிலுக்கென்று கிளம்பி, ஊர் எல்லை தாண்டி, ஒன்றேகால் மணி நேரம் நடந்து ஏனாத்தூர் ஏரிக்கு வந்தாள். முந்தானைக்குள் ஒரு குங்குமப் பொட்டலம் இருக்கும். திரும்பி வீடு சேரும்போது அதிலிருந்து வைத்துக்கொள்வாள்.

முதல் நாள் மதகின் பக்கம் அம்மா உட்கார்ந்து தம்பியை வாங்கிக்கொண்டபோது எனக்கு அவனைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றியது. ஏனென்றால் நான் அத்தையை நம்பினேன். பத்து வயதுப் பெண்ணுக்குப் பெரியவர்கள் எல்லோரும் சொன்னதை நம்பாமல் இருக்க என்ன தைரியம் வரும்? அம்மா அவனைக் கொல்கிறாள், நான் அதற்கு உடந்தை என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் போகவில்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பனைமரங்களுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அம்மா மதகில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை நனைந்துவிட்டது, முந்தானையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தாள். நான் கூப்பிடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

நான்காம் நாள் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"பயமா இருக்குதா?"

தலையாட்டினேன்.

"எனக்குந்தான் இருக்குது. பயந்துக்கினேதான் குடுக்கறேன்."

அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் தவறவில்லை. பயம் போகவில்லை, ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து பயப்பட்டோம். தினமும் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். நகத்தைப் பார்ப்பேன். பத்தாம் நாள் வாக்கில் அவன் தினமும் வெளியே போக ஆரம்பித்தான். என் வாழ்க்கையில் வேறு யாருடைய மலத்தையும் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இருபதாம் நாள் கக்குவது நின்றது. முப்பது நாளைக்குள் வயிறு இளகி, அழுகை குறைந்து, யாரும் பிடிக்காமல் உட்கார்ந்தான். அத்தை ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். எருமைக்கு மாலை போடாத குறைதான். நான் வாயைத் திறக்கவில்லை. இருந்த இருப்பில் எனக்கே வயிற்றுவலி நின்றுவிட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அம்மா கவனித்தாள், தன் உடம்பில். ஒரு நாள் மதகில் சொன்னாள். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது தலை பாரமாக இருக்கிறதாம், ஊர் எல்லையைத் தாண்டி வயல்வெளிக்கு வந்ததும் இறங்கிவிடுகிறதாம். திரும்பும்போது நம் தெருமுனைக்குப் போனதுமே நாக்கு இனிக்கிறதாம். இத்தனை வருஷம் அந்த இனிப்பு இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறாள். நீர் மாறினால் தெரிகிற மாதிரி, விலகிப் போனதால் தெரிந்தது. யோசித்துக்கொண்டே நடந்தாள்.

நாற்பத்தெட்டாம் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. அத்தை தம்பிக்குப் புதுச் சட்டை போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தம்பியைக் கூடத்தில் இறக்கிவிட்டாள். அவன் தவழ்ந்து போய்த் தறியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அடுத்த வீட்டில் உலை எரிந்துகொண்டிருந்தது. உலைக்காரர் சுவருக்கு அப்பாலிருந்து, பிள்ளை வந்துவிட்டானா, புகை நன்றாக வெளுத்திருக்கிறது, தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று குரல் கொடுத்தார். அத்தை சந்தோஷத்தில் தம்பியைத் தூக்கினாள், காட்டிவிட்டு வருகிறேன் என்று. அம்மா போய் வாசலை மறித்து நின்றாள்.

காட்டக் கூடாது என்றாள். அத்தைக்குப் புரியவில்லை. அம்மா அவள் கையிலிருந்து தம்பியை வாங்கி, எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து, மார்பில் போட்டுக்கொண்டாள். அவன் பழகிய குழந்தை போலக் குடித்தான். அத்தை பறிக்க வந்தாள். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"நாப்பத்தெட்டு நாளா இவன் என் பாலக் குடிச்சான், அண்ணி. தெனம் ஏனாத்தூருக்கு நடந்து வந்து குடுத்துட்டுப் போனேன். தறியில இழை அறுந்துக்கினே இருந்தா ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கறோம் இல்ல? பாவ மாத்தாம ஊடைய மாத்தறோம், ஊடைய மாத்தாம பாவ மாத்தறோம். நான் பால மாத்தல. ஊரத்தான் மாத்தனேன். புள்ள தேறிட்டான். அங்க இல்லாதது இங்க என்னா இருக்குது, நீங்களே சொல்லுங்க."

நெசவுக் குடும்பத்தில் அந்தப் பேச்சுக்கு விளக்கம் வேண்டாம். குற்றம் குறுக்கே ஓடுகிற ஊடையிலா, நெடுக்கே ஓடுகிற பாவிலா என்று பார்க்கத் தெரியாதவர்கள் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. எல்லோரும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்த புகையைப் பார்த்தார்கள்.

அத்தை அப்பாவிடம் திரும்பி, உன் பெண்டாட்டி உனக்குத் தெரியாமல் செய்ததைக் கேட்டாயா என்றாள். அப்பா தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியும் என்றார். வேண்டுதல் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குத் தூரமாகிப் பின்கட்டில் உட்கார்ந்த மூன்று நாளும்கூட இவள் விடியலில் கிளம்பிப் போனாள், கோயிலுக்கு இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது, எங்கே போகிறாள் என்று கேட்கத்தான் எனக்கு தைரியம் வரவில்லை என்றார். நாற்பத்தெட்டு நாளுக்கு முன்னால் அந்த மனிதர் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன், தெரிந்த பிறகும் அவளைத் தடுக்காமல் விட்டார் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அத்தை அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பி பால் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ என் ரெண்டு புள்ளைங்க? என் பாலும் நல்லாத்தான் இருந்துச்சாமா?"

இருபது வருஷமாகத் தன் மார்பில் விஷம் இருந்தது என்று நம்பி, மூன்றாவது பிள்ளைக்குக் கொடுக்காமல் கட்டிவைத்து வற்றடித்தவள் அவள். அவளுடைய இரண்டு குழந்தைகளையும் இதே சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமைதோறும் தூக்கிப்போய்க் காட்டினார்கள். அப்போது துருத்தி மிதித்தவர் இந்த உலைக்காரரின் அப்பா. அத்தை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவள் கத்தவில்லை. உலைக்காரரிடம், தெரிந்து காட்டினாயா, தெரியாமல் காட்டினாயா என்று மட்டும் கேட்டாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. அத்தை சொல்லச் சொல்ல அவர் துருத்தியிலிருந்து காலை எடுத்தார். புகை தணிந்தது. தன் இரண்டு கைகளையும் மடியில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லது என்றுதான் அக்கா செய்தேன், என் அப்பாவும் அப்படித்தான் செய்தார், என்றார். பிறகு, என் கையும் இதனாலா என்று அத்தையையே கேட்டார். அவளுக்கு என்ன தெரியும்? பல வருஷம் கழித்து மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவர் வாயைத் திறந்து ஈறைப் பார்த்த உடனே, காரீயத்தில் வேலை செய்கிறீர்களா என்று கேட்டாராம். கூடப் போன அப்பா வந்து சொன்னார். தாயின் பாலில்கூட அது கொஞ்சம் கலக்கும், ஆனால் புகையில் போனதை வைத்துப் பார்த்தால் அது மிகக் குறைவு என்றும் அந்த டாக்டர் சொன்னாராம். ஒரு நிமிஷத்தில் சொல்லக்கூடிய விஷயம். அதைச் சொல்ல எங்கள் தெருவுக்கு அத்தனை வருஷம் யாரும் வரவில்லை.

உலை அன்றோடு நின்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. அவருக்கு வேறு தொழில் தெரியாது, தெருவுக்கு வேறு வெள்ளி தெரியாது. ஆனால் அவர் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அது பயன்படவில்லை. பெண்கள் தாமாகவே வந்தார்கள். அம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஒரு பிள்ளை பிழைத்துவிட்டதும் ஊருக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்றார்கள். அதற்கு முன்னால் போய்விட்ட பிள்ளைகளை எண்ணினால் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும். அம்மா சொன்னதை ஒப்புக்கொண்டால் அந்தப் பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது யாரால் முடியும்? அத்தை ஒருத்தியால்தான் முடிந்தது.

தம்பி எங்களிடமே வளர்ந்தான். அத்தை அவனைக் கேட்கவில்லை, அதற்குப் பதில் எங்கள் எல்லோரையும் ஏனாத்தூருக்கு வரச் சொன்னாள். ஆவணியில் அப்பா அவள் வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கத்தில் புதுத் தறிக்குழி வெட்டினார். தம்பி நல்ல உடம்போடுதான் இருக்கிறான், ஆனால் எண்கள் அவன் தலையில் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மண்டு என்றார்கள், பெஞ்சு மேல் நிற்கவைத்தார்கள். அவன் மண்டு இல்லை. அத்தனை மாதம் நாங்கள் அவன் மூக்கில் காட்டியதில் என்ன போயிற்றோ அது திரும்பவில்லை, அவ்வளவுதான். அவனைப் பார்த்துச் சிரித்தவர்களில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்கு என்னிடம் மன்னிப்புக் கிடையாது.

அத்தைதான் வெள்ளிக்கிழமைதோறும் ஏனாத்தூரிலிருந்து நடந்துபோவாள். டீக்கடைக்குப் பால் ஊற்றிவிட்டு, வெறும் பால் சொம்போடு எங்கள் பழைய தெருவுக்குப் போய், உலைக்காரர் வீட்டு வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொள்வாள். உலைக்காரர் அவளை எழுந்திருக்கச் சொன்னதில்லை. ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார், உட்காருவதற்கு. லீவு நாட்களில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். குளித்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வருவார்கள். அத்தை காலை மடக்கமாட்டாள். அவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதினால் தாள் அழுக்காகிவிடும். பெற்றதைத் தின்றவள் என்றார்கள். இரண்டைப் புதைத்தவளுக்கு அடுத்தவள் பிள்ளை நன்றாக இருந்தால் பொறுக்காது என்றார்கள். ஒருத்தி தாண்டிப் போகப் பார்த்தபோது அத்தை அவள் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தப் பெண் கையில் பிள்ளையோடு அழுதுகொண்டே திட்டினாள். அத்தை தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"திட்டுமா, நல்லா திட்டு. புள்ளைய வூட்ல விட்டுட்டு வந்து திட்டு. நான் எங்கயும் போவமாட்டேன், இங்கதான் இருப்பேன்."